காலையில் வானத்தால், பகலில் பாயால்: திருகோணமலையை ஒரே நாளில் இரண்டு தரம் பார்த்தோம்

அப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகுச் சுக்கானியாக 31 வருடம் வேலை செய்தவர். இந்தக் குடாவின் மூலை முடுக்கெல்லாம் அவருக்குத் தண்ணீர் மட்டத்தில் தெரியும். மேலேயிருந்து ஒரு தரமும் பார்த்ததில்லை. நான் இங்கே ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். இடவிளக்கப் படத்தை விரித்து இதே குடாவை 17 வருடமாகப் பிள்ளைகளுக்குக் காட்டி வருகிறேன். ஆனால் பாய் விரித்த படகில் துறைமுக வாயைக் கடந்து வெளியே போனது கிடையாது.

இந்த ஓகஸ்டில் தம்பியின் மகன் கனடாவிலிருந்து வந்திருந்தான். வயது 13. தமிழ் விளங்கும், பேச யோசிப்பான். அப்பப்பாவோடு அவன் ஒரு முழு நாள் செலவழிக்க வேண்டும் என்று தம்பி அங்கிருந்து சொல்லிக்கொண்டே இருந்தான். அப்போதுதான் உப்புவெளியில் விடுதி நடத்தும் என் சிநேகிதி இந்தப் பயணத்தைப் பற்றிச் சொன்னாள். காலையில் ஹெலிகொப்டரில் 25 நிமிடம், பிறகு சாப்பாடு, பிறகு பாய்ப்படகில் ஐந்து மணித்தியாலம், எல்லாம் ஒரே நாளில். ஆளுக்கு 72,000 ரூபா. மூன்று பேருக்கு 216,000. ஓர் ஆசிரியைக்கு இது சின்னக் காசில்லை. பாதியைத் தம்பி அனுப்பினான், மீதி என் சீட்டுக்காசு. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். இந்தக் காசைக் கொடுக்க யோசிக்கிற இன்னொரு குடும்பத்துக்கு உதவட்டும்.

நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. எனக்கு இரண்டு குறைகள் இருந்தன. அவற்றை நேரில் சொல்லியிருக்கிறேன், திருத்துவதாகச் சொன்னார்கள். உப்புவெளிப் பக்கம் விடுதிகளில் விசாரித்தால் யாரென்று சொல்வார்கள்.

ஹெலிகொப்டர் சீனக்குடாவிலிருந்து கிளம்புகிறது. அது விமானப்படை முகாமுக்குள் இருக்கிற ஓடுபாதை என்பதால் அடையாள அட்டை இலக்கங்களை மூன்று நாளைக்கு முன்பே வாங்கிவிட்டார்கள். பிள்ளையின் கடவுச்சீட்டுப் பிரதியும் கேட்டார்கள். ஆறு மணிக்கு வாசலில் நிற்கச் சொன்னார்கள், உள்ளே போகும்போது ஆறே முக்கால். இந்த நேரத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வயதானவர்கள் வந்தால் தண்ணீரும் இரண்டு பிஸ்கட்டும் கையில் இருக்கட்டும்.

உள்ளே போனதும் முதல் வேலை நிறுப்பது. அரிசிக் கடைத் தராசு போல ஒரு தட்டுத் தராசு. அப்பா 58 கிலோ, நான் 74, பிள்ளை 41. விமானி ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு என்னை முன்னால் தன் பக்கத்திலும் அப்பாவையும் பிள்ளையையும் பின்னாலும் இருத்தினார். ஏன் என்று கேட்டேன். இது ராபின்சன் ஆர்-44, விமானியோடு சேர்த்து நான்கே பேர் போகிற சின்ன ஹெலிகொப்டர். பாரம் முன்பின் சரியாக இருக்காவிட்டால் விமானிக்குக் கஷ்டம். அத்தோடு வெயில் ஏற ஏறக் காற்று இலேசாகும், இலேசான காற்றில் விசிறி தூக்கக்கூடிய பாரமும் குறையும். ஏழு மணிக்கே பறப்பதற்கு அதுதான் காரணம் என்றார். வகுப்பில் வளி அமுக்கம் படிப்பிக்கும்போது இனி இந்தத் தராசைத்தான் சொல்லப் போகிறேன்.

முதற் குறை இங்கேதான். கையெழுத்து வைக்கிற படிவம் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மட்டும் இருந்தது. பாதுகாப்பு விளக்கமும் அப்படியே. வால் பக்கம் ஒருபோதும் போகக் கூடாது, விமானியின் கண்ணுக்குத் தெரிகிற பக்கத்தால்தான் கிட்டப் போக வேண்டும், தொப்பி கையில் இருக்க வேண்டும், இருக்கைப் பட்டியைக் கழற்றுவது இப்படி, கதவுப் பிடி இப்படி. எல்லாம் உயிரோடு சம்பந்தப்பட்ட விசயங்கள். திருகோணமலையில் நடத்துகிற ஒரு சேவையில் 73 வயது மனிதருக்கு இதைத் தமிழில் சொல்ல ஆள் இல்லாதது சரியில்லை. நான் அப்பாவுக்கு ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தேன். விமானி பொறுமையாக நின்றார், தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் “அங்கிள், இது இழுக்க, திறக்கும்” என்று பிடியை அப்பாவின் கையால் இரண்டு தரம் இழுக்கவும் வைத்தார். அந்த மனிதரில் பிழையில்லை. நிறுவனம்தான் ஒரு தமிழ்த் தாளை அச்சடித்து வைக்க வேண்டும்.

கிளம்புகிற விதத்தைச் சொல்ல வேண்டும். விமானம் போல ஓடிப் போய் எழும்பவில்லை. தரையிலிருந்து ஓர் ஆள் இடுப்பளவு உயரத்துக்கு எழும்பி அங்கேயே நின்றது. கீழே புல் நாலு பக்கமும் படுத்துக்கிடந்தது. பிறகு மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி முன்னே நகர்ந்தது. நகரத் தொடங்கி ஒரு வேகம் வந்ததும் உடம்பு முழுக்க ஒரு சின்ன நடுக்கம், மாட்டு வண்டி பாலத்தின் பலகையில் ஏறுகிற மாதிரி. அதற்குப் பிறகு யாரோ கீழிருந்து கையால் தூக்கிவிட்டது போல உயர்ந்துவிட்டது. அதுவரை தன் சொந்தக் காற்றுக்குள் சிரமப்பட்ட விசிறி, முன்னே போகத் தொடங்கியதும் குழம்பாத புதுக் காற்றைப் பிடிப்பதால் அப்படி என்று விமானி ஹெட்செட்டில் விளக்கினார்.

அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். ஹெட்செட்டில் வருகிற ஆங்கிலம் அவருக்கு எட்டவில்லை. பின்னால் பக்கத்தில் இருந்த பிள்ளை அதைக் கேட்டுக் கேட்டு, தனக்கு வந்த தமிழில் மைக்கில் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தான். “அப்பப்பா, இது கிண்ணியா பாலம். இலங்கையில பெரிய பாலம்.” அப்பா உடனே, “பாலம் 2009இல வந்தது ராசா. அதுக்கு முதல் இதில பாதை எண்ட மிதவைப் படகு ஓடினது. வாகனத்தையும் ஆக்களையும் ஏத்திக்கொண்டு இழுத்துக்கொண்டு போவாங்கள்” என்றார். 396 மீட்டர்ப் பாலம் மேலேயிருந்து ஒரு அடிமட்டம் வைத்துக் கோடு கீறியது போல இருந்தது. அந்தப் பிள்ளை மூன்று கிழமையில் பேசாத தமிழை அந்த 25 நிமிடத்தில் பேசினான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவான் என்று பயம்.

கிண்ணியாவிலிருந்து கிழக்கே கொட்டியாரக் குடா. மூதூர் ஓரமாகப் போகும்போது மகாவலி கடலில் விழுகிற இடம் தெரிந்தது. ஓகஸ்டில் ஆற்றில் தண்ணீர் குறைவு, ஆனாலும் வாய்க்கு முன்னால் தேத்தண்ணி நிறத்தில் ஒரு விசிறி விரிந்திருந்தது. அதற்கு வெளியே இளம் பச்சை. அதற்கும் வெளியே, கொஞ்சம் கொஞ்சமாக மாறாமல், மடித்த துணியின் விளிம்பு போல ஒரேயடியாகக் கருநீலம். எனக்கு மூச்சு நின்றுவிட்டது. கடலடிப் பள்ளத்தாக்கு அதுதான். கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே தொடங்கி, வங்காள விரிகுடாவில் 3,000 மீட்டருக்கும் கீழே இறங்குகிற பள்ளம். திருகோணமலைத் துறைமுகம் இவ்வளவு ஆழமாக இருப்பதும், நீலத் திமிங்கிலங்கள் கரைக்கு இவ்வளவு கிட்ட வருவதும் இந்தப் பள்ளத்தால்தான். கரும்பலகையில் நெருக்கி நெருக்கிச் சம ஆழக் கோடு கீறி எத்தனை தரம் இதைச் சொல்லியிருப்பேன். கண்ணால் கண்டது அன்றைக்குத்தான். அந்த விளிம்பு ஜன்னலில் இருந்து மறையும் வரை வேறெதையும் நான் பார்க்கவில்லை.

குடாவின் தென்கிழக்கு முனையில் இருக்கிற பழைய வெளிச்சவீட்டைச் சுற்றி வடக்கே திரும்பினோம். துறைமுக வாயைத் தாண்டும்போது விமானி எல்லோரையும் தொலைபேசியைக் கீழே வைக்கச் சொன்னார். கடற்படைத் தளத்துக்கு மேலால் போவதில்லை, வெளியால்தான் சுற்றுவார்கள், படமும் எடுக்கக் கூடாது. பரவாயில்லை. அதற்கடுத்து வருகிற காட்சிக்குக் கண் போதும்.

சுவாமிமலை, கோணேசர் கோயில் நிற்கிற பாறை. கடல் பக்கமாக வடக்கே பறப்பதால் கோயில் இடது கைப்பக்கம் வரும். காலை வெயில் நமக்குப் பின்னாலிருந்து நேரே பாறை முகத்தில் அடிக்கிறது. இராவணன் வெட்டின் பிளவு உச்சியிலிருந்து நீர் வரைக்கும் ஒரு நிழற் கோடாகத் தெரிந்தது. நாங்கள் எல்லோரும் கோட்டை வாசலால் நடந்து, மான்களைத் தாண்டி, மேலே ஏறி, கோயிலைத் தரைப் பக்கத்தால்தான் பார்த்து வளர்ந்தவர்கள். அது கடலில் நிற்கிற கோயில் என்பது வெளியே வந்து பார்த்தால்தான் விளங்குகிறது. அப்பா கும்பிட்டார். ஆனால் ஹெலிகொப்டர் நிற்காது. நாற்பது விநாடி இருக்கும், அவ்வளவுதான். கோபுரம் பின்னால் போய்விட்டது.

பிறகு உப்புவெளி, நிலாவெளி, புறாத்தீவு. மேலேயிருந்து பார்க்கப் புறாத்தீவுதான் மிக அழகு. தீவைச் சுற்றிப் பவளப்பாறை ஒரு மண்ணிற வளையமாகவும், அதற்கு வெளியே மணல் பளிச்சென்ற பச்சையாகவும் தெரிந்தது. திரும்பி வரும்போது உள்நாட்டுப் பக்கத்தால் வந்தோம். சீனக்குடாக் காட்டுக்குள் வெள்ளைக்காரர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள், 99 என்று சொல்வார்கள், துருப்பிடித்த வட்டம் வட்டமாக மரங்களுக்கிடையில் கிடந்தன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரன் குண்டு போட்டபோது தன் தகப்பன் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு தம்பலகாமத்துக்கு நடந்த கதையை அப்பா பிள்ளைக்குச் சொல்லத் தொடங்கினார். முடிப்பதற்குள் இறங்கிவிட்டோம்.

இரண்டுக்கும் நடுவில் ஒன்றரை மணித்தியாலம் இடைவெளி விட்டிருக்கிறார்கள். இது நல்ல ஏற்பாடு. இரைச்சல் காதை விட்டுப் போக நேரம் வேண்டும். காலைச் சாப்பாடு இடியப்பம், சொதி, சம்பல். வயிற்றுக்கு இலேசானது, கடலில் போகிறவர்களுக்கு வேறொன்றும் கொடுக்கத் தேவையில்லை. கடல் ஒத்துவராதவர்கள் வாந்திக் குளிசையை இந்த இடைவெளியிலேயே போட்டுவிடுங்கள். படகில் ஏறிய பிறகு போட்டுப் பிரயோசனமில்லை.

படகு உட்துறையில் நின்றது. ஒற்றைப் பாய்மரம், முன்னும் பின்னும் இரண்டு பாய், நீளம் முப்பத்தைந்து அடிக்கு மேல். ஆட்கள் இருவர். படகோட்டி கிண்ணியாக்காரர், நாற்பது வயதுக்குள். உதவிக்கு ஒரு பெடியன். இவர்கள் தமிழர்களுக்குத் தமிழிலேயே எல்லாம் சொன்னார்கள். உயிர்காப்பு அங்கியைப் பிள்ளைக்குப் போட்டு, பட்டியை இழுத்து, தோள்பட்டையில் பிடித்துத் தூக்கிப் பார்த்தார் படகோட்டி. அங்கி மட்டும் மேலே வந்தால் அளவு பெரிது, பிள்ளையும் சேர்ந்து எழும்ப வேண்டும் என்றார். ஒரு தரம் மாற்றிச் சின்னது கொடுத்தார். நான் கொடுத்த காசில் ஒரு பகுதி அந்த ஒரு நிமிடத்துக்கே சரி.

அப்பா வழக்கப்படி விசாரணையைத் தொடங்கினார். “தம்பி கிண்ணியாவில எந்தப் பக்கம்? வாப்பா என்ன செய்தவர்?”

“வாப்பா பாதையில வேலை செஞ்சவர் ஐயா. பாலம் வர முந்தி.”

அப்பா அவருடைய முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, பாதையின் என்ஜின் நின்று நடுவில் இழுபட்ட ஒரு நாளில் தாங்கள் கயிறு கொடுத்த கதையைச் சொன்னார். அதற்குப் பிறகு நாங்கள் காசு கட்டி வந்த ஆட்களாக இருக்கவில்லை. படகோட்டி அன்று முழுக்க அப்பாவிடம் ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டே செய்தார்.

என்ஜினில் உட்துறையை விட்டு வெளியே வந்து, காற்று கிடைத்ததும் பாய் ஏற்றினார்கள். ஆஞ்சான் கயிற்றைப் பிள்ளையின் கையில் கொடுத்தார்கள். முதல் நாலைந்து இழுவை இலேசாக வந்தது. பாய் காற்றைப் பிடிக்கத் தொடங்கியதும் கயிறு இறுகி, அவன் கால் இரண்டையும் உதைத்து முழு உடம்பாலும் இழுத்தான். அப்பா பக்கத்தில் நின்று, “இழு, விடாதை, இழு” என்று கத்தினார். பாய் உச்சிக்குப் போனதும் என்ஜினை நிறுத்தினார்கள். அந்த அமைதியை எப்படிச் சொல்ல? காலையில் இருந்து காதுக்குள் ஓடிய இரைச்சல் எல்லாம் வடிந்து, தண்ணீர் பலகையில் உரசுகிற சத்தம் மட்டும் மிஞ்சியது.

கச்சான் பருவம். காற்று தரையிலிருந்து, தென்மேற்கால் வருகிறது. துறைமுக வாயால் வெளியே போக அது முதுகுப் பக்கத்துக் காற்று, படகு சாயாமல் சுகமாக ஓடியது. அப்பா பிள்ளைக்கு அன்னபூரணி கதையைச் சொன்னார். 1930இல் வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்க்கப்பல், 1938இல் அமெரிக்காவில் குளொஸ்டர் துறைமுகம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. “எங்கட ஆக்கள் கட்டினது. எங்கட ஆக்கள்தான் ஓட்டிக்கொண்டு போனது.” பிள்ளை குளொஸ்டர் எங்கே இருக்கிறது என்று தொலைபேசியில் தேடி, தன் வீட்டிலிருந்து காரில் போகக்கூடிய தூரம்தான் என்று கண்டுபிடித்தான். அடுத்த வருடம் போய்ப் பார்க்க வேண்டும் என்று அப்போதே தகப்பனுக்குச் செய்தி அனுப்பினான்.

சுக்கானுக்கு முன்னால் ஆழம் காட்டுகிற ஒரு சின்னத் திரை இருந்தது. படகின் அடியிலிருந்து ஒலியை அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்பி வருகிற நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்குப் பார்க்கிற கருவி. வாயைத் தாண்டிக் கொட்டியாரக் குடாப் பக்கம் கொஞ்சம் நீட்டிப் போகும்போது நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். 38. 64. பிறகு 110. பிறகு இலக்கமே இல்லை, மூன்று சின்னக் கோடுகள் மட்டும். பழுதோ என்று கேட்டேன். “இல்ல டீச்சர். கீழ தரை அவ்வளவு தூரம். சத்தம் போய்த் திரும்பி வரல்ல” என்றார் படகோட்டி. எட்டிப் பார்த்தேன். தண்ணீர் அந்தக் கருநீலம். மூன்று மணித்தியாலத்துக்கு முன்னால் மேலேயிருந்து பார்த்த அந்த மடிப்பின் விளிம்பை இப்போது ஒரு சின்னப் படகில் தாண்டியிருக்கிறோம். கீழே ஒரு மலை உயரத்துக்குத் தண்ணீர். காலையில் நிறமாகப் பார்த்ததை இப்போது வயிற்றில் உணர்ந்தேன்.

இந்த இரண்டையும் ஒரே நாளில் வைத்ததன் பெறுமதி அந்த இடத்தில்தான் எனக்குப் பிடிபட்டது. தனியே ஹெலிகொப்டரில் மட்டும் போயிருந்தால் அது ஓர் அழகான படம். தனியே படகில் மட்டும் போயிருந்தால் அந்த மூன்று கோடுகளை நான் பார்த்திருக்கவே மாட்டேன், பார்த்தாலும் ஒன்றும் தோன்றியிருக்காது. மேலே பார்த்த வரைபடத்துக்குள் இறங்கிப் போகிற அனுபவம் இது. அதனால் முறையை மாற்றக் கூடாது. சில நாட்களில் ஆட்கள் கூடினால் காலையில் படகு, பின்னேரம் ஹெலிகொப்டர் என்று மாற்றிக் கேட்பார்களாம். ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் சுவாமிமலை. வடக்கே திரும்பியதும் கச்சான் இடது பக்கத்தால் அடித்துப் படகு நன்றாகச் சாய்ந்தது, வேகமும் பிடித்தது. பிள்ளை சிரித்துக்கொண்டே இருந்தான். பாறைக்குக் கிட்ட வந்ததும் எல்லாம் ஒரேயடியாக நின்றுபோயிற்று. மலை காற்றை மறைத்துவிட்டது. பாய் இரண்டு தரம் படபடத்து, ஈரத் துணி போலத் தொங்கியது. படகு நிமிர்ந்து, அலையில் மெல்ல ஏறி இறங்கியது. உதவிக்கு வந்த பெடியன் என்ஜினைப் போடவா என்று கேட்டான். படகோட்டி அப்பாவைப் பார்த்தார். அப்பா, “கொஞ்சம் நிக்கட்டும் தம்பி” என்றார்.

நின்றோம். பத்து நிமிடத்துக்கு மேல் இருக்கும். தலைக்கு நேரே பாறை. உச்சியில் கோயில் விளிம்பு மட்டும் தெரிந்தது. வெட்டுக்குள் அலை போய் மோதி, கொஞ்சம் பொறுத்து உள்ளேயிருந்து ஒரு நீண்ட மூச்சாக வெளியே வரும். திருக்கடலூர் ஃபைபர் வள்ளம் ஒன்று கிட்டத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தது, அதிலிருந்தவர் கையைத் தூக்கினார். மதியப் பூசை மணி கேட்டது. மேலே நின்று கேட்கிற மணி வேறு. அது பாறையில் இறங்கி, தண்ணீரில் பட்டு, எங்கள் பக்கத்தால் வருகிறது. ஆடிச் செவ்வாய். அப்பா தேவாரம் சொன்னார், மெல்லிய குரலில், முழுவதும்.

போர்த்துக்கீசர் 1622இல் இடித்த கோயிலின் கற்கள் இந்தத் தண்ணீருக்கடியில் கிடக்கின்றன. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய கூட்டாளி மைக் வில்சனும் மூழ்கிக் கண்டது இவ்விடத்தைத்தான். பிள்ளை படகின் ஓரத்தில் குனிந்து, தூண் தெரிகிறதா என்று கனநேரம் பார்த்தான். காலையில் நாற்பது விநாடியில் கடந்துபோன கோயில் இது. கடைசியில் நீரோட்டமே எங்களை மெதுவாக வடக்கே தள்ளி, காற்றுக்குள் கொண்டுபோய் விட்டது. பாய் ஒரு சத்தத்தோடு நிரம்பியது.

இரண்டாவது குறை இதற்குப் பிறகு. விளம்பரத்தில் “பாய்ப்படகில் புறாத்தீவு வரை” என்று போட்டிருக்கிறார்கள். நாங்கள் அலஸ்தோட்டத்துக்கு நேரே நங்கூரம் போட்டு அங்கிருந்தே திரும்பிவிட்டோம். போகும்போது உதவி செய்த கச்சான் வரும்போது எதிர்க்காற்று. புறாத்தீவு வரை போனால் திரும்பி வர இருட்டிவிடும். காலையில் உட்துறையை விட்டு வெளியே வரும்போதே அப்பா இதைச் சொல்லிவிட்டார். கச்சான் பருவத்தில் ஐந்து மணித்தியாலத்தில் முடியாத தூரத்தை விளம்பரத்தில் போடுவது பிழை. புறாத்தீவு தேசிய பூங்கா, இறங்குவதற்கு நுழைவுச் சீட்டு வேறு. அங்கே போகத்தான் ஆசை என்றால் நிலாவெளியிலிருந்து என்ஜின் படகில் தனியாகப் போங்கள். கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் அளவுதான்.

சாப்பாடு நங்கூரம் போட்ட இடத்தில். கிண்ணியாவில் ஒரு வீட்டிலிருந்து கட்டிய சோற்றுப் பார்சல். பிள்ளைக்குக் கணவாய்ப் பிரட்டல், எங்கள் இருவருக்கும் மரக்கறி. செவ்வாய்க்கிழமை என்று முதல் நாளே சொல்லியிருந்தோம், மறக்கவில்லை. பார்சலைப் பிரிக்கும்போதே வாழையிலை வாசம் வந்தது. கத்தரிக்காய்ப் பால்கறி அருமை.

திரும்பி வந்ததுதான் எனக்கு உண்மையான பாய்ப் பயணம். பாய்ப்படகு காற்றுக்கு நேரெதிரே ஓடாது. ஒரு பக்கம் சரிந்து ஓடி, திரும்பி, மறுபக்கம் சரிந்து ஓடி, வெட்டி வெட்டித்தான் முன்னேற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் பாயைப் பிடிக்கிற தாமான் கயிற்றை ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் இழுக்க வேண்டும். படகோட்டி சுக்கானை அப்பாவிடம் கொடுத்தார். அப்பா என்ஜின் படகுக்காரர், ஆனால் சின்ன வயதில் தாய்மாமனின் தோணியில் பாய் பிடித்தவர். திசைகாட்டியை அவர் பார்க்கவேயில்லை. முன்பாயின் விளிம்பில் ஒரு சாண் அகலத் துணி இலேசாக நடுங்கும், அந்த இடத்தைத்தான் பார்த்தார். நடுக்கம் கூடினால் சுக்கானை ஒரு விரல் அகலம் வெளியே விடுவார். துணி இறுகினால் திரும்ப ஒரு விரல் உள்ளே. “இது பேசும் ராசா. பேசுறதைக் கேள்” என்று பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி, அவன் கையை எடுத்துச் சுக்கானில் வைத்து, அதன் மேல் தன் கையை வைத்தார். நாலு திருப்பம் அப்படியே போனது. ஐந்தாவதில் தன் கையை எடுத்துவிட்டார். பிள்ளைக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு நேரம் போதாது என்று என்ஜினில்தான் வந்தோம்.

காசைப் பற்றி. ஹெலிகொப்டர் திருகோணமலையில் நிற்பதில்லை, கொழும்புக்குக் கிட்ட இருக்கிற இரத்மலானையிலிருந்து வந்து போகிறது. அந்தப் போக்குவரத்துச் செலவும் நம் தலையில்தான், அதனால்தான் விலை இப்படி. மூன்று இருக்கையும் நிரம்பாவிட்டால் நாளை மாற்றுவார்கள், ஆகவே மூன்று பேராகப் போவது நல்லது. காற்று கூடிப் பறக்க முடியாவிட்டால் அந்தப் பகுதிக் காசைத் திருப்பித் தருவதாக ரசீதில் எழுதியிருந்தது. எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கையில் காசு ஒன்றுக்குத்தான் போதும் என்றால் யோசிக்காமல் படகை எடுங்கள். அதை மட்டும் தனியாகவும் தருகிறார்கள், மூன்றில் ஒரு பங்கு விலைதான். இரண்டும் முடியும் என்றால் இரண்டையும் எடுங்கள், ஒரே நாளில் எடுங்கள். மே முதல் செப்டெம்பர் வரைதான் காலம். வாடை தொடங்கிவிட்டால் இந்தப் பக்கக் கடலில் இதையெல்லாம் நினைக்க முடியாது.

தொலைபேசியில் பதிவு செய்யும்போது மரக்கறியா மீனா என்று கேட்பார்கள். ஹெலிகொப்டரில் இடது பக்கம் வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள், தராசு அனுமதித்தால் தருவார்கள். கோயில் அந்தப் பக்கம்தான் வரும்.